மச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதா, காட்டுவதா, வெட்டி எடுப்பதா?

உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. எப்போது வந்தது என்று வீட்டில் யாருக்கும் நிச்சயமில்லை. நோவில்லை, கடியில்லை. இப்படியொன்றைக் கண்டவருக்கு வழிகள் பல உண்டு. மாதம் ஒருமுறை கண்ணால் பார்த்து வரலாம், கைபேசியில் படம் எடுத்து ஒப்பிடலாம், செயலி ஒன்றிடம் கேட்கலாம், வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம், தோல் வைத்திய நிபுணரிடம் போகலாம், வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். இவற்றுள் எதை எடுத்தாலும் சரிதான் என்று சொல்லிவிட முடியாது. சில மச்சங்களுக்குக் கண்காணிப்பே போதும். வேறு சிலவற்றைக் கண்காணிப்பது ஆபத்து. காத்திருக்கும் மூன்று மாதத்துக்குள் நோய் ஆழத்துக்கு இறங்கிவிடும். மெலனோமா என்ற நிறமிப் புற்றுநோயில் ஆயுளைத் தீர்மானிப்பது அகலத்தைவிட ஆழம்தான். தோலின் மேலடுக்கில் நிற்கும்போதே வெட்டி எடுத்தால் அநேகமாக முழுச் சுகம். ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்குள் எடுத்தாலும் நல்ல வாய்ப்புண்டு. நான்கு மில்லிமீற்றரைத் தாண்டியபின் நிலைமை முற்றிலும் வேறு.

எங்கே பார்ப்பது?

சிட்னியிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உறவினர் தொலைபேசியில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: ஆறு மாதத்துக்கொருமுறை உடம்பு முழுவதையும் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள், முதுகு மச்சங்களைப் படம் எடுத்து வையுங்கள். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உலகிலேயே மெலனோமா அதிகம் காணப்படும் நாடுகள். வெள்ளைத் தோல், கடும் வெயில், உடம்பெங்கும் ஏராளமான மச்சங்கள் என்ற நிலைமைக்கு அந்த அறிவுரை பொருந்தும். அதை அப்படியே தூக்கிவந்து திருகோணமலையில் வைத்தால் பார்க்க வேண்டிய இடம் தவறிப்போகும்.

எங்கள் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் மெலனோமா அரிது. வரும்போது அது தேடிப் போகும் இடங்கள் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி ஆகியவை. வாய்க்குள்ளும் மறைவிடங்களிலும் ஈரத்தோலில் வருவதுமுண்டு. உள்ளங்கால் வகைக்கு வெயிலோடு பெரிய தொடர்பில்லை. ஆகவே நிழலிலேயே இருக்கும் ஆசிரியருக்கும் வங்கி ஊழியருக்கும் இது வரலாம். பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடிக்கப்பட்டது இந்த வகைதான். 1981இல், 36 வயதில் அவர் இறந்தார். முதலில் அது உதைபந்தாட்டக் காயமென்றே கருதப்பட்டது.

தம்பலகாமத்து வயலில் சேற்றில் நிற்பவர், கரைவலை இழுப்பவர், கோணேசர் கோயில் வெளியில் வெறுங்காலோடு நடப்பவர் எல்லோருக்கும் உள்ளங்காலில் முள் தைத்த தழும்பு, காலாணி, வெடிப்பு, மண்கறை இருக்கும். வெறுங்கால் நடையால் இந்த நோய் வருகிறது என்பதல்ல இதன் பொருள். கால் ஏற்கெனவே அடையாளங்களால் நிறைந்திருப்பதால் புதியதொன்று கண்ணில் படுவதில்லை. நீரிழிவுக்காரரிடம் சிக்கல் இன்னும் கூட: ஆறாத மெலனோமாவை நீரிழிவுப் புண் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கட்டிக்கொண்டிருக்க நேர்கிறது.

வெயில் சம்பந்தப்பட்ட தோல் புற்றுநோய்கள் வேறு வகை. நாள் முழுவதும் படகில் நிற்பவரின் கீழுதடு, காதுமடல், மூக்கு ஆகியவற்றில் ஆறாத புண்ணாகவோ முத்துப்போல மினுங்கும் சிறு கட்டியாகவோ அவை வரும். பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாதவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. பழைய எரிகாயத் தழும்பிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் புற்றுநோய் தோன்றலாம். இவை எதுவும் மச்சமாகத் தொடங்குவதில்லை. எனவே மச்சத்தை மட்டும் பார்ப்பவர் இவற்றைத் தவற விடுவார்.

எது மாற்றம், எது மாற்றமில்லை?

1985இல் நியூயோர்க் வைத்தியர்கள் வகுத்து, 2004இல் இன்னோர் அம்சம் சேர்க்கப்பட்ட, ஏ, பி, சி, டி, ஈ என்ற ஆங்கில எழுத்துகளால் அழைக்கப்படும் ஐந்தெழுத்து விதி உலகெங்கும் சொல்லித்தரப்படுகிறது. ஒரு பாதி மற்றப் பாதியைப் போல இல்லாமை, ஒழுங்கற்ற விளிம்பு, ஒன்றுக்கு மேற்பட்ட நிறம், 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட குறுக்களவு, காலப்போக்கில் மாற்றம் என்பனவே அந்த ஐந்தும். கடைசியில் சேர்ந்ததுதான் எல்லாவற்றிலும் பெறுமதியானது. 8 மில்லிமீற்றர் மச்சம் இருபது வருடமாக அசையாமல் இருந்தால் பெரும்பாலும் அமைதியான மச்சம். 3 மில்லிமீற்றர் புள்ளி இரண்டு மாதத்தில் ஐந்தாகியிருந்தால் 6 வரும்வரை பொறுத்திருக்கக் கூடாது.

இன்னொரு வழி, ஒருவருடைய மச்சங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. ஒருவர் உடம்பில் உள்ள மச்சங்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒட்டாமல் தனித்துத் தெரியும் ஒன்றையே முதலில் காட்ட வேண்டும். மச்சம் அதிகமில்லாத எங்கள் ஆட்களுக்கு இது இலகுவான விதி.

உள்ளங்காலுக்கும் நகத்துக்கும் இந்த ஐந்தெழுத்து விதி சரியாகப் பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியவை வேறு: சுற்றியுள்ள தோலின் நிறத்திலிருந்து மாறுபட்ட நிறம், என்னவென்று யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாமை, இரத்தக் கசிவு, சிகிச்சை செய்தும் பெரிதாதல், இரண்டு மாதமாகியும் ஆறாமை. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே தோல் நிபுணரிடம் போகக் காரணம் உண்டு.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. பிள்ளை வளரும்போது மச்சமும் அந்த அளவுக்கு வளரும். கர்ப்பத்தில் மச்சங்கள் கறுக்கலாம். கன்னத்திலும் கழுத்திலும் வயதோடு வரும் சின்னச் சின்னக் கறுப்பு மருக்கள் எங்கள் தோலில் சர்வசாதாரணம். பல விரல் நகங்களில் ஒரேமாதிரி மங்கிய பழுப்புக் கோடுகள் இருப்பதும் அப்படியே. ஆனால் நாற்பது வயதுக்குப் பின் புதிதாக முளைக்கும் மச்சத்தையும், ஒரேயொரு நகத்தில் புதிதாகத் தோன்றும் கோட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நினைவை நம்பிப் பார்ப்பது

மாதம் ஒருமுறை பார்க்கிறேன், எழுதி வைப்பதில்லை என்பவர்கள்தான் அதிகம். ஒன்றுமே பார்க்காமல் இருப்பதைவிட இது மேல். ஆனால் தினமும் கண்ணில் படும் பொருள் மெதுவாகப் பெரிதாவதைக் கண் உணராது. கேட்டால் "முந்தியும் இப்படித்தான் இருந்தது" என்றே பதில் வரும். வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி எப்போதிருந்து, எவ்வளவு மாறியது என்பது. நினைவை மட்டும் வைத்திருப்பவரிடம் அதற்குப் பதில் இருக்காது. புதியது முளைத்ததைக் கண்டுபிடிக்க இந்த முறை உதவும், பழையது மாறியதைக் கண்டுபிடிக்க உதவாது.

கைபேசிப் படமும் கொப்பியும்

செலவில்லாத வழிகளுள் இதுதான் சிறந்தது. செய்யும் விதம் பிழைத்தால் வீண் பயத்தையோ வீண் நிம்மதியையோ தரும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாளைத் தெரிவது முதல் வேலை. போயா தினம் மாதம் தவறாமல் வரும், பாடசாலையும் அலுவலகமும் பூட்டு, வீட்டில் படம் எடுத்துத்தர ஆள் இருக்கும். கண்ணால் பார்ப்பதைப் போயாவுக்குப் போயா வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பது அவ்வளவு அடிக்கடி தேவையில்லை: இன்று ஒரு தொகுதி, மூன்று மாதத்தில் ஒரு தொகுதி, மாற்றமில்லாவிட்டால் அதன்பின் ஆறு மாதத்துக்கொருமுறை.

காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, ஈரம் காய விடுங்கள். தேங்காயெண்ணெய் பூசிய தோல் பளபளத்து நிறத்தை மறைக்கும். நகப்பூச்சை அழித்துவிட வேண்டும். மருதாணி போட்ட உள்ளங்கையையும் நகத்தையும் படம் எடுத்துப் பயனில்லை. தோலில் சாயம் சில வாரத்தில் போய்விடும், நகத்தில் அது வளர்ந்து வெட்டுப்படும் வரை நிற்கும். கலியாணமோ பெருநாளோ வருமென்றால் அதற்கு முன்னரே படத்தை எடுத்துவிடுங்கள்.

வெளிச்சம் காலை நேரத்து யன்னலோர வெளிச்சமாக இருக்கட்டும். நேர் வெயில் விழக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது. இரவில் மின்குமிழுக்குக் கீழே எடுத்த படத்தையும் பகலில் எடுத்ததையும் ஒப்பிட்டால் இல்லாத நிறமாற்றம் தெரியும். ஒவ்வொரு முறையும் அதே யன்னல், அதே நேரம்.

அளவுக்கு, வெள்ளைத் தாளில் ஓர் அடிமட்டத்தின் மில்லிமீற்றர் கோடுகளைப் பார்த்து வரைந்து ஒரு துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். அதில் திகதியையும் இடத்தையும் எழுதி, மச்சத்தை மறைக்காமல் பக்கத்தில் தோலோடு ஒட்ட வையுங்கள். அடிமட்டத்தைக் கையில் தூக்கிப் பிடித்தால் அது கமராவுக்குக் கிட்ட இருப்பதால் பெரிதாகவும் மச்சம் சிறிதாகவும் விழும். வெள்ளைத் தாள் இன்னொரு வேலையும் செய்யும். இரண்டு படங்களிலும் தாளின் வெண்மை ஒன்றுபோல இருந்தால் நிறத்தை நம்பலாம். ஒன்றில் தாள் மஞ்சளடித்திருந்தால் அந்தப் படத்தின் நிறத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஒரு மச்சத்துக்கு மூன்று படங்கள் தேவை. இது எந்தக் கால், எந்தப் பக்கம் என்று தெரியத் தூரத்திலிருந்து ஒன்று. 30 சென்ரிமீற்றரிலிருந்து ஒன்று. 10 முதல் 15 சென்ரிமீற்றரிலிருந்து ஒன்று. அதைவிடக் கிட்டப் போனால் கைபேசியின் நிழல் விழும். சில கைபேசிகள் தாமாகவே அகன்ற லென்ஸுக்கு மாறி உருவத்தைக் கோணலாக்கும். அந்தத் தன்னியக்க மாற்றத்தை நிறுத்திவிடுங்கள். கைபேசி தோலுக்கு நேர்ச் செங்குத்தாக இருக்க வேண்டும், சரித்துப் பிடித்தால் வட்டம் நீள்வட்டமாகும். திரையில் மச்சத்தின் மேல் விரலால் தொட்டுக் குவியவிடுங்கள், இல்லாவிட்டால் கமரா தாளின் எழுத்தைக் கூர்மையாக்கிவிட்டு மச்சத்தை மங்கலாக்கும். மிக முக்கியமாக, அழகூட்டும் வசதி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தோலை மிருதுவாக்கும் அந்த வசதி மச்சத்தின் விளிம்பை அழித்துவிடும், சிறிய புள்ளியை முழுதாகவே நீக்கிவிடும். முன்பக்கக் கமராவைப் பயன்படுத்தவே வேண்டாம்.

உள்ளங்காலைத் தானே படம் எடுக்க முயல்பவர் காலை மடக்குவார். மடக்கிய பாதத்தில் தோல் சுருங்கி மச்சத்தின் வடிவம் மாறும். கதிரையில் இருந்து காலை இன்னொரு கதிரையில் நீட்டி, விரல்களைத் தளர்வாக விட்டு, வேறொருவர் எடுக்கட்டும். விரலிடுக்குகளையும் குதிக்காலின் ஓரத்தையும் விட்டுவிடாதீர்கள். தலைமுடிக்குள் பார்க்கச் சீப்பால் வகிடு பிரித்துப் பாருங்கள். அப்படியே ரோச் அடித்து வாய்க்குள்ளும் பார்த்துவிடுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களிடம் எல்லாப் புற்றுநோய்களிலும் முதலிடம் பிடிப்பது. மெலனோமாவைத் தேடும் வீட்டில் அதைப் பார்க்காமல் விடுவது நியாயமில்லை.

கொப்பியில் உடம்பின் முன்பக்கமும் பின்பக்கமும் இரு பாதங்களும் கோட்டுருவமாக வரைந்து இடத்தைக் குறியுங்கள். "வலது பாதம், பெருவிரல் அடியிலிருந்து 4 சென்ரிமீற்றர் கீழே, 5 மில்லிமீற்றர், ஒரே பழுப்பு, தட்டை" என்ற அளவில் எழுதினால் போதும். கைபேசி தொலையும், உடையும். கொப்பி அலுமாரியில் கிடக்கும். படத்தை வைத்தியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் சாதாரண படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது சுருக்கப்பட்டு நுண்விவரம் போய்விடும்.

ஒப்பிடும்போது செய்யும் பெரிய பிழை, கடைசியாக எடுத்த படத்தோடு புதிய படத்தை ஒப்பிடுவது. மாதத்துக்குக் கால் மில்லிமீற்றர் வளரும் ஒன்று ஒவ்வொரு முறையும் "அப்படியேதான் இருக்கிறது" என்று தோன்றும், ஒரு வருடத்தில் மூன்று மில்லிமீற்றர் போயிருக்கும். எப்போதும் முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். அரை மில்லிமீற்றர் வித்தியாசம் படப் பிழையாக இருக்கலாம். ஒரு பக்கத்தால் மட்டும் நீட்டிக்கொண்டு போவது, புதிய நிறம் தோன்றுவது, நடுவில் வெளுப்பது ஆகியவற்றைப் பிழையென்று தள்ள வேண்டாம்.

நகத்துக்குத் தனி முறை உண்டு. கல்லில் இடித்து நகத்தடியில் கண்டிய இரத்தம் நகத்தோடு சேர்ந்து முன்னுக்கு நகரும், பின்னால் வெள்ளை நகம் வரும். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றரும் கால்நகம் அதில் அரைவாசி அளவும் வளரும். எனவே கால் பெருவிரலில் இரண்டு மாதத்தில் அடிப்பக்கம் 2 அல்லது 3 மில்லிமீற்றர் தெளிந்த நகம் தெரிய வேண்டும். கறுப்பு அடியிலிருந்தே தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், கோடு 3 மில்லிமீற்றருக்கு மேல் அகன்றால், அடிப்பக்கம் அகலமாயும் நுனிப்பக்கம் ஒடுங்கியும் இருந்தால், நிறம் நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்குப் பரவினால், அடுத்த போயா வரை நிற்காதீர்கள். கைப்பெருவிரலிலும் கால்பெருவிரலிலும் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

படத்தால் பிடிக்க முடியாதவையும் உள்ளன. சில மெலனோமாக்களுக்குக் கறுப்பு நிறமே இல்லை, இளஞ்சிவப்பாக, இரத்தம் கசியும் சதைவளர்ச்சியாக இருக்கும். தடித்த காய்ப்புக்கு அடியில் இருப்பதும் தெரியாது. எல்லாவற்றிலும் ஆபத்தானது கட்டியாக எழும் வகை. மேலெழுந்து, தொட்டால் கெட்டியாக, ஒரு மாதத்துக்கு மேலாக வளர்ந்துகொண்டே இருக்கும் எதையும் படம் எடுத்துக் காத்திருப்பது பிழை. அது வாரக்கணக்கில் ஆழமாகும். கண்காணிப்பு தட்டையான மச்சத்துக்கு மட்டுமே.

செயலி சொல்லும் தீர்ப்பு

படத்தைக் காட்டினால் ஆபத்தா இல்லையா என்று சொல்லும் கைபேசிச் செயலிகளை நம்ப வேண்டாம். அவற்றை ஆராய்ந்து 2018இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் 2020இல் பிரித்தானிய மருத்துவ இதழான பிஎம்ஜேயில் வந்த தொகுப்பாய்வும், புற்றுநோயைத் தவறவிடாது என்று நம்பக்கூடிய அளவுக்கு அவை இல்லை என்றே கண்டன. அவற்றுக்குப் பயிற்சியாகக் கொடுக்கப்பட்டவையோ பெரும்பாலும் வெள்ளைத் தோலின் படங்கள். கறுத்த தோலின் உள்ளங்காலை அவை கண்டது குறைவு. "ஆபத்து" என்று காட்டினால் ஒரு தடவை ஆஸ்பத்திரி போய்வருவதோடு முடியும். "பிரச்சினையில்லை" என்ற பச்சை அடையாளம்தான் ஆளைக் கெடுப்பது. படங்களைத் திகதிவாரியாக அடுக்கிவைக்கும் செயலி என்றால் சரி, அதற்கு மேல் அதனிடம் கேட்காதீர்கள்.

வெளிநோயாளர் பிரிவும் தோல் கிளினிக்கும்

மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவிலோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ காட்டுவதற்குப் பணம் தேவையில்லை. நேரம் தேவை, சரியான முதல் வசனமும் தேவை. நெரிசல் மிகுந்த காலையில் "காலில ஒரு மச்சம் இருக்கு டொக்டர்" என்றால் பூஞ்சை மருந்தோ காலாணிப் பிளாஸ்டரோ கையில் வரலாம். "இந்த மச்சம் மூன்று மாதத்தில் நாலு மில்லிமீற்றரிலிருந்து ஆறாகியிருக்கு டொக்டர், படம் இருக்கு, தோல் கிளினிக்குக்கு ஒரு கடிதம் தர ஏலுமா" என்று கொப்பியை நீட்டினால் உரையாடலே வேறாகிவிடும். பூஞ்சை, காலாணி, நீரிழிவுப் புண் என்று மருந்து தந்தால் ஒழுங்காகப் பாவியுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால் மறுபடியும் அதே மருந்தை வாங்காமல் தோல் கிளினிக்குக் கடிதத்தைக் கேளுங்கள். ஆறாத கட்டி எல்லாம் புற்றுநோயும் அல்ல. மணல் ஈ கடித்துப் பரவும் தோல் லெயிஷ்மானியாசிஸ் இலங்கையில் இருக்கிறது, அதுவும் நோவில்லாமல் மாதக்கணக்கில் நிற்கும். இரண்டையும் பிரித்தறியவும் தோல் கிளினிக்தான் வழி.

தோல் நிபுணரின் கையில் இருக்கும் டெர்மொஸ்கோப் வெறும் பூதக்கண்ணாடி அல்ல. பத்து மடங்கு பெருப்பிப்பதோடு, தோலின் மேற்பரப்புப் பளபளப்பை நீக்கி உள்ளே உள்ள நிறமியின் அமைப்பைக் காட்டும். உள்ளங்காலில் இது தரும் விடை வியக்கத்தக்கது. பாதத் தோலில் விரல் ரேகையைப் போல வரம்புகளும் பள்ளங்களும் மாறிமாறி ஓடுகின்றன. சாதாரண மச்சத்தின் நிறமி பெரும்பாலும் பள்ளத்தின் வழியே ஓடும், மெலனோமாவின் நிறமி வரம்பின் மேல் ஓடும். வரம்பு எது என்று தெரிய வியர்வைத் துவாரங்களின் வெள்ளைப் புள்ளிகள் உதவும், அவை வரம்பின் மேல்தான் வரிசையாக இருக்கும். இந்த வேறுபாட்டை விரிவாக விளக்கியவர்கள் ஜப்பானிய வைத்தியர்கள். தெளிவான பள்ள அமைப்பு இல்லாமல் 7 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் பயொப்சி (சோதனைக்காகத் தசை வெட்டி எடுப்பது) எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை. ஒரு வருடக் கைபேசிக் கண்காணிப்பில் தெரியாததை இந்தக் கருவி ஐந்து நிமிடத்தில் காட்டக்கூடும். உள்ளங்கால் புள்ளி ஒன்று சந்தேகமாக இருந்தால் நேரே இங்கே போவதுதான் எங்கள் கருத்து. கைபேசியில் பொருத்தும் மலிவான டெர்மொஸ்கோப்பை வாங்கி வீட்டில் பார்ப்பதில் பலனில்லை. பார்ப்பதை வாசிக்கப் பயிற்சி வேண்டும்.

திகதி குறித்த டிஜிட்டல் கண்காணிப்பு

டெர்மொஸ்கோப் படத்தையே கணினியில் சேமித்து மறுமுறை பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஒரு முறை. சந்தேகமான ஒரு தட்டை மச்சத்துக்கு மூன்று மாத இடைவெளி, நிறைய மச்சம் உள்ளவருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாத இடைவெளி. முகத்தில் மிக மெதுவாக வளரும் மெலனோமா வகைக்கு மூன்று மாதம் போதாது. மேலெழுந்த கட்டிக்கு இந்த முறையைப் பயன்படுத்துவதே இல்லை.

மச்சங்கள் ஐம்பது, நூறு என்று உள்ளவருக்கும், முன்பு ஒருமுறை மெலனோமா வந்தவருக்கும், பெற்றோருக்கோ சகோதரருக்கோ வந்தவருக்கும் இது நல்லது. ஆனால் முழு முறையும் ஒரேயொரு நிபந்தனையில் நிற்கிறது: குறித்த நாளில் திரும்பி வர வேண்டும். இதற்காகக் கொழும்பு போக நேர்ந்தால், திருகோணமலையிலிருந்து அது ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் போய், கிளினிக்கில் இருந்து, அடுத்த இரவு திரும்ப இரண்டு நாள் போகும். போன தடவை போனவர் மூன்று மாதத்தில் மறுபடி போவாரா? கடலுக்குப் போகிறவர் வாடைக் காற்றுக் காலத்தில் கரையில் இருப்பார், அப்போது திகதி வாங்கலாம். வயல் செய்பவருக்கு அறுவடை முடிந்தபின் ஒரு இடைவெளி கிடைக்கும். அப்படியும் வர முடியாது என்று மனதில் பட்டால் வைத்தியரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். திரும்பி வருவது நிச்சயமில்லாதவருக்குக் கண்காணிப்பைவிட வெட்டி எடுப்பதே பாதுகாப்பு. தோல் நிபுணர்கள் பரவலாகப் பின்பற்றும் விதியும் அதுதான்.

வெட்டி எடுப்பது

பலர் இதைத்தான் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள், "கத்தி பட்டால் பரவும்" என்ற பயத்தால். வெட்டுவதால் மெலனோமா பரவுவதில்லை. தாமதத்தால் பரவுகிறது. இடத்தை மரக்கச் செய்யும் ஊசி போட்டு, மச்சத்தைச் சுற்றி 2 மில்லிமீற்றர் நல்ல தோலோடு, கீழுள்ள கொழுப்பு வரை முழுதாக எடுத்துத் தைப்பார்கள். அன்றே வீட்டுக்கு வரலாம். முகத்துத் தையலை ஐந்து முதல் ஏழு நாளிலும், உடம்பில் பத்து முதல் பதினான்கு நாளிலும் பிரிப்பார்கள். உள்ளங்காலில் இரண்டு கிழமையோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை அந்தக் காலில் பாரம் கொடுத்து வேலை செய்தால் தையல் விடும், ஆகவே வயல் வேலைக்கும் கடலுக்கும் விடுப்பு எடுக்க வேண்டும். நீரிழிவுக்காரர் சீனியைக் கட்டுப்படுத்திக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் புண் ஆற நாள் செல்லும்.

மேலால் சுரண்டி எடுப்பதும் ஒரு மூலையைக் கிள்ளி எடுப்பதும் மெலனோமா சந்தேகத்தில் நல்ல தெரிவல்ல. ஆழத்தை அளக்க முடியாமல் போகும். நோயுள்ள பகுதியை விட்டு நல்ல பகுதியை எடுத்துவிடவும் கூடும். மச்சம் மிகப் பெரிதாகவோ நகத்தடியிலோ இருந்தால் பகுதியாக எடுக்க நேரிடும், அந்த முடிவு நிபுணருடையது.

சுண்ணாம்பு வைப்பது, நூலால் இறுக்கிக் கட்டுவது, அமிலம் தொடுவது, அழகு நிலையத்தில் லேசரால் சுடுவது ஆகியவற்றை எந்த மச்சத்துக்கும் செய்யக் கூடாது. மேற்பரப்புக் கறுப்பு போய்விடும், அடியில் உள்ளது வளரும், நோயியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப ஒரு துண்டும் மிஞ்சாது. தனியார் இடத்தில் வெட்டினாலும் எடுத்த தசை போமலின் என்ற பதப்படுத்தும் திரவம் உள்ள போத்தலில் பரிசோதனைக்குப் போகிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

எது யாருக்கு?

தட்டையாக, நெடுநாளாக, ஒரே நிறத்தில் இருக்கும் மச்சங்களை வைத்திருப்பவருக்குப் போயாவுக்குப் போயா பார்வையும் ஆறு மாதப் படமும் தாராளம். அறிகுறி இல்லாத எல்லோரையும் வைத்தியர் தலை முதல் கால் வரை பார்ப்பதால் நன்மையா இல்லையா என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றே அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2023இல் அறிவித்தது. ஆகவே ஒன்றுமில்லாதவர் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை.

உள்ளங்கால், உள்ளங்கை, நகம் ஆகிய இடங்களில் புதிதாக அல்லது மாறிவரும் புள்ளி உள்ளவர் படத்தை ஒருமுறை எடுத்துக்கொண்டு அந்த மாதத்திலேயே தோல் கிளினிக்குக்குப் போக வேண்டும். கெட்டியாக எழுந்து வளர்வது, கசிவது, இரண்டு மாதம் ஆறாதது என்றால் அந்த வாரத்திலேயே. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர், நிறமி இல்லாத தோலோடு பிறந்தவர், பிறவியிலேயே 20 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பெரிய மச்சம் உள்ளவர் ஆகியோர் வீட்டுக் கண்காணிப்போடு நில்லாமல் கிளினிக்கில் பெயரைப் பதிந்து தொடர வேண்டும்.

வெட்டி எடுத்தவரின் வேலை அறிக்கை கைக்கு வந்தபின்தான் முடியும். நான்கு வாரத்தில் வராவிட்டால் கிளினிக் கொப்பியோடு போய்க் கேளுங்கள். "அறிவிப்பார்கள்" என்று இருந்துவிடாதீர்கள். அறிக்கையில் மூன்று விடயங்களைப் பாருங்கள்: மில்லிமீற்றரில் ஆழம், மேற்பரப்புப் புண்ணாகியிருக்கிறதா, வெட்டிய விளிம்பில் நோய் மிச்சமிருக்கிறதா. மெலனோமா என்று வந்தால் ஆழம் ஒரு மில்லிமீற்றருக்குள் இருக்கும்போது சுற்றிவர 1 சென்ரிமீற்றரும், இரண்டுக்கு மேல் என்றால் 2 சென்ரிமீற்றரும் மறுபடி அகலமாக வெட்டுவார்கள். ஆழத்தைப் பொறுத்து இடுப்பு மடிப்பிலோ அக்குளிலோ உள்ள நிணநீர் முடிச்சையும் சோதிப்பார்கள். அதற்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கோ அனுப்பப்படலாம். போகும்போது அறிக்கையின் மூலப்பிரதியோடு முதல் நாள் எடுத்த படங்களையும் கொண்டுபோங்கள், ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.